இறுக்கம் தளர்ந்த வரலாறு

நோய்களுள் சில, வலியோடு வெட்கத்தையும் சேர்த்துக்கொண்டு வருகின்றன. தலைவலி கண்டவர் அதனை நாலு பேர் நடுவே சொல்லி ஆறுதல் பெறுகிறார். பல்வலி கண்டவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியே மருத்துவரிடம் செல்கிறார். ஆசனவாயில் வலி கண்டவரோ வீட்டாரிடம் கூட வாய் திறக்கத் தயங்கி, மாதக் கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அவ்வாறு பொறுத்திருக்கும் காலத்தில் நோய் முற்றுகிறது. தொடக்கத்தில் உணவாலும் வெந்நீராலும் தீர்ந்திருக்கக்கூடியது, பின்னர் கத்தியை நாடும் நிலைக்குப் போய்விடுகிறது.

இத்தகைய தயக்கம் நம் முன்னோரின் நூல்களில் காணப்படுவதில்லை. ஃபிக்ஹு நூல்கள் தூய்மையைப் பற்றிய பாடத்தைக் கொண்டே தொடங்குகின்றன. மலஜலம் கழிப்பதையும் கழுவுவதையும் அவை ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றன. அரபு மொழியில் எழுதிய மருத்துவப் பேரறிஞர்களும் கண்ணுக்கும் காதுக்கும் தந்த கவனத்தை ஆசனவாய்க்கும் தந்தார்கள். அவர்கள் காட்டிய வழியில் நின்று, மலச்சிக்கல் முற்றியதால் இறுகிப்போன ஆசனவாய்த் தசையை இளக்கும் களிம்பு ஒன்று உலகுக்கு எவ்வாறு கிடைத்தது என்னும் வரலாற்றை நாமும் இங்கே காண்போம். அந்த வரலாறு மருந்துக் கடையில் தொடங்கவில்லை என்பதே அதன் விந்தை. அது வெடிமருந்துச் சாலையில் தொடங்குகிறது.

நோயின் சங்கிலி

வரலாற்றுக்குள் புகுமுன் நோயின் இயல்பை அறிந்துகொள்வது நலம். ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. வெளிவளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. வேண்டும்போது நாம் அதனை இறுக்கலாம், தளர்த்தலாம். உள்வளையம் அத்தகையதன்று. இதயத்தைப் போலவும் இரைப்பையைப் போலவும் அது நம் ஏவலுக்குச் செவி சாய்ப்பதில்லை. இரவும் பகலும் இறுகியிருந்து வாயிலைக் காக்கும் காவலன் அது. மலம் வந்து நிறையும்போது மட்டும் தானாகவே தளர்ந்து வழி விடுகிறது.

மலச்சிக்கலால் மலம் கல்லாக இறுகி வரும்போது, ஆசனவாயின் மெல்லிய தோல் கிழிந்துவிடுவதுண்டு. அதுவே ஆசனவாய் வெடிப்பு. பெரும்பாலும் பின்புற நடுவில் ஏற்படும் இக்கீறல் கண்ணுக்குச் சிறியது. ஆனால் அது தரும் வலி பெரிது. கண்ணாடிச் சில்லால் கீறுவது போன்ற வலி மலம் கழிக்கும்போது தோன்றி, சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கிறது. துடைக்கும்போது செந்நிற இரத்தமும் தென்படலாம்.

இனித்தான் சங்கிலி தொடங்குகிறது. வலி கண்டதும் உள்வளையத் தசை மேலும் இறுகுகிறது. இறுகிய தசை தன்னூடே செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்களை நெரிக்கிறது. குருதி குறைந்த இடத்தில் புண் ஆறுவதில்லை. ஆறாத புண்ணின் வலிக்கு அஞ்சி நோயாளி மலத்தை அடக்குகிறார். அடக்கிய மலம் நீர் வற்றி முன்னினும் கடினமாகிறது. மறுமுறை அது வெளிவரும்போது ஆறத் தொடங்கிய புண்ணையும் கிழித்துவிடுகிறது. ஆறு வாரங்களுக்கு மேல் இந்தச் சுழற்சி நீடித்தால், அதனை நாட்பட்ட வெடிப்பு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

நம் மக்களிடையே ஆசனவாயில் எது வந்தாலும் ‘மூலம்’ என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. மூலம் என்பது குருதி நாளங்கள் புடைத்து வீங்குவது. பவுத்திரம் என்பது சீழ் வழிந்தோடும் புரை. வெடிப்பு என்பது தோலின் கீறல். மூன்றும் வெவ்வேறு நோய்கள், மூன்றுக்கும் மருத்துவம் வெவ்வேறு. பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

ஹகீம்கள் தொட்ட கண்ணி

புகாராவுக்கு அருகில் 980-இல் பிறந்த இப்னு சீனா, மருத்துவ உலகை நூற்றாண்டுகள் பல ஆண்ட ‘அல்கானூன்’ என்னும் பெருநூலை ஐந்து பாகங்களாக இயற்றினார். தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாக நோய்களை விளக்கும் அதன் மூன்றாம் பாகத்தில், ஆசனவாய் நோய்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. வெடிப்பும் அங்கே பேசப்படுகிறது. வறட்சியையும் இறுகிய மலத்தையும் அதன் காரணங்களுள் வைத்து எண்ணினார் அவர். மெழுகும் எண்ணெயும் கொழுப்பும் கலந்து குழைத்த மர்ஹம்கள், அதாவது களிம்புகள், அக்கால ஹகீம்களின் கைம்மருந்தாக இருந்தன. அவை புண்ணை மூடி மென்மையாக்கின, உராய்வைக் குறைத்தன. ஆனால் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

இப்னு சீனாவின் இறுதிக் காலமும் குடலோடு தொடர்புடையதாகவே அமைந்தது. குலன்ஜ் என்னும் கடுமையான குடல்வலி அவரைப் பற்றியது. விரைந்து குணம் பெற வேண்டும் என்ற துடிப்பில் ஒரே நாளில் எட்டு முறை குடல் கழுவும் மருந்தைத் தமக்குத் தாமே ஏற்றிக்கொண்டார் என்றும், அதனால் குடல் புண்ணாயிற்று என்றும் அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி எழுதி வைத்திருக்கிறார். 1037-இல் ஹமதானில் அவர் மறைந்தார். அவசரமும் அளவு மீறலும் எத்தகைய அறிஞரையும் விட்டு வைப்பதில்லை.

அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, எகிப்தில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவை சார்ந்த மருத்துவராக விளங்கியவர் மூஸா இப்னு மைமூன். குர்துபாவில் பிறந்த யூதர் அவர். முஸ்லிம் அரசர்களுக்கு மருத்துவம் பார்த்தார், அரபு மொழியில் மருத்துவ நூல்கள் எழுதினார். சமயம் கடந்து அறிவைப் போற்றிய அக்காலத்தின் பெருமைக்கு அவர் ஒரு சான்று. மூலநோயைப் பற்றி ஏழு அதிகாரங்கள் கொண்ட சிறு நூலொன்றை, உயர்குடி இளைஞர் ஒருவருக்காக அவர் எழுதினார். நோய் திரும்பத் திரும்ப வந்து வருத்தியதால் அறுத்து எறிந்துவிடலாமா என்று எண்ணிய இளைஞருக்கு, அவர் கூறிய அறிவுரை ஆழமானது. அறுத்துவிட்டாலும் நோயின் காரணம் உடலில் தங்கியிருந்தால் நோய் மீண்டும் முளைக்கும், ஆகவே முதலில் உணவையும் செரிமானத்தையும் சீர் செய்க என்பதே அதன் சாரம். ஸலாஹுத்தீனின் மூத்த மகன் அல்அஃப்ளல் மலச்சிக்கலாலும் மனச்சோர்வாலும் அவதியுற்றபோது, அவருக்காக இப்னு மைமூன் எழுதிய உடல்நலக் கையேடும் மலத்தை இளக்கமாக வைத்திருப்பதன் இன்றியமையாமையை வற்புறுத்துகிறது. ஓர் அரசர் தம் மலச்சிக்கலை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படவில்லை என்பதையும் நாம் இங்கே கருத வேண்டும்.

ஆக, பழைய மருத்துவர்கள் நோய்ச் சங்கிலியின் முதற் கண்ணியைப் பற்றிக்கொண்டார்கள். மலம் இளகினால் புண் தோன்றாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தசை இறுகிவிட்ட பிறகு என்ன செய்வது என்ற வினாவுக்குத்தான் அவர்களிடம் முழுமையான விடை இல்லை.

கிழித்தலும் வெட்டுதலும்

அந்த வினாவுக்கு ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் வன்மையான விடை ஒன்றைக் கண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பாரிஸ் மருத்துவர் ரெக்காமியே இறுகிய ஆசனவாயை விரல்களால் வலிந்து விரிக்கும் முறையைக் கையாண்டார். இறுக்கம் தளர்ந்தது உண்மையே. ஆனால் அளவின்றி விரிப்பதால் தசை தாறுமாறாகக் கிழிந்து, சிலர் மலத்தை அடக்கும் ஆற்றலையே இழந்தனர்.

இந்நோய்களுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று எழுந்ததும் அந்நூற்றாண்டில்தான். 1835-இல் ஃபிரெடரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவர், பவுத்திரமும் மலக்குடல் நோய்களும் கொண்ட ஏழைகளுக்காக லண்டனில் ஏழு படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையாக வளர்ந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-இல் பவுத்திர அறுவை செய்தவரும் இதே சால்மன்தான். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. அந்த வேதனையை நாம் எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறோம். இம்மருத்துவமனையின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

குற்றவாளி உள்வளையத் தசையே என்று உறுதியாகக் காட்டியவர், தென்னாப்பிரிக்காவின் ஐசன்ஹாமர். 1951-இல் அவர் அந்தத் தசையை மட்டும் அளவாக வெட்டித் தளர்த்தும் அறுவையை எடுத்துரைத்தார். 1969-இல் லண்டனின் நோட்டராஸ் அதனைப் பக்கவாட்டில், தோலுக்கடியில் செய்யும் எளிய முறையாகச் செப்பனிட்டார். புண்கள் ஆறின, வலி அகன்றது. இன்றளவும் இதனை வெல்லும் மருத்துவம் இந்நோய்க்கு வரவில்லை. ஆனால் வெட்டிய தசை பழையபடி கூடுவதில்லை. சிலருக்கு வாயுவையும், மிகச் சிலருக்கு மலத்தையும் அடக்க முடியாத குறை நிலைத்துவிடுகிறது. ஐவேளை ஒளுவோடு இருக்க விரும்பும் ஒருவருக்கு இது எத்தகைய இடர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைப்பேற்றின்போது ஏற்கெனவே தசை நலிவுற்ற தாய்மார்களுக்கு இந்த அபாயம் இன்னும் கூடுதல்.

வெட்டாமல் தசையைத் தளர்த்த வழி உண்டா? கொஞ்ச நாள் தளர்த்தி, புண் ஆறியதும் பழைய நிலைக்கு விட்டுவிட முடியுமா? மருத்துவ உலகம் இவ்வினாவோடு காத்திருந்தது. விடையோ வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பாறையைப் பிளந்த திரவம்

1847-ஆம் ஆண்டு. இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலார், கிளிசரினோடு அமிலங்களைச் சேர்த்து எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை ஆக்கினார். அதுவே நைட்ரோகிளிசரின். அது பயங்கரமாக வெடித்தது. அதில் ஒரு சிறு துளியை நாவில் வைத்துப் பார்த்தவர், கடுமையான தலைவலி உண்டாவதையும் குறித்து வைத்தார். வெடியும் தலைவலியும் ஆகிய இவ்விரு இயல்புகளே அத்திரவத்தின் பிற்கால வரலாறு முழுவதையும் வகுத்தன.

முதல் இயல்பை ஸ்வீடன் நாட்டு ஆல்ஃபிரட் நோபல் எடுத்துக்கொண்டார். 1864-இல் நேர்ந்த வெடிவிபத்தில் தம் இளைய சகோதரரையே பறிகொடுத்த அவர், 1867-இல் அத்திரவத்தை அடக்கி ஆளும் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றார். உலகெங்கும் மலைகள் பிளந்தன, சுரங்கங்கள் திறந்தன.

இரண்டாம் இயல்பை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தலைவலிக்குக் காரணம் குருதிக் குழாய்கள் விரிவதே. விரியும் ஆற்றல் இதயக் குழாய்களுக்குப் பயன்படாதா? லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் முதலில் தம்மீதே சோதித்துப் பார்த்தார். பின்னர், மிக மெலிந்த கரைசலாக அதனைக் கொடுத்தால் இதய நெஞ்சுவலி தணிகிறது என்று 1879-இல் எழுதினார். தம் இறுதி ஆண்டான 1896-இல் நோபலுக்கே இதய நோய்க்காக அம்மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது. மக்கள் மிரளாதிருக்க அதற்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று, விதியின் விளையாட்டை வியந்து தம் உதவியாளருக்குக் கடிதம் எழுதினார் அவர்.

மருந்து வேலை செய்தது. எப்படி வேலை செய்தது என்பது மட்டும் ஒரு நூற்றாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. 1977-இல் அமெரிக்காவின் ஃபெரித் முராத், நைட்ரோகிளிசரின் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளிவிடுவதாலேயே தசை தளர்கிறது என்று கண்டார். அல்பேனியாவின் வழிவந்த குடியேற்றக்காரர் ஒருவரின் மகன் அவர். குருதிக் குழாயின் உட்சுவரே தசையைத் தளர்த்தும் பொருளொன்றைச் சுரக்கிறது என்று 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அப்பொருள் அதே நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1986-இல் லூயி இக்னாரோவின் ஆய்வாலும் தெளிவாயிற்று. மூவருக்கும் 1998-இல் மருத்துவப் பரிசு வழங்கப்பட்டது. வெடிமருந்தால் சேர்ந்த செல்வத்திலிருந்து நிறுவப்பட்ட நோபல் பரிசு, அவ்வெடிமருந்தின் மருத்துவ இரகசியத்தை அவிழ்த்தவர்களுக்கே சென்று சேர்ந்தது.

இரு ஆறுகள் கூடிய இடம்

இனி நம் காவலனிடம் திரும்புவோம். மலம் வந்ததும் உள்வளையத் தசை தானாகத் தளர்கிறதே, அதற்கு ஆணையிடுவது யார்? மனிதத் தசையை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டே அந்த ஆணையைச் சொல்கின்றன என்று 1993-இல் எழுதினார்கள். இதயத்தைக் காக்கும் மருந்து வெளிவிடும் அதே பொருள்! அப்படியானால் அம்மருந்தை வெளியிலிருந்து தடவினால் தசை ஏமாந்து தளர்ந்துவிடாதா?

அடுத்த ஆண்டே, 1994-இல், ஏழைகளுக்காகச் சால்மன் தொடங்கிய அந்தச் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையிலிருந்து விடை வந்தது. ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.2 சதவீதம் மட்டுமே நைட்ரோகிளிசரின் கலந்த களிம்பைத் தடவியதும், ஆசனவாயின் அழுத்தம் சுமார் கால் பங்கு இறங்கியது. கத்தியின்றி, இரத்தமின்றி, திரும்பப் பெறக்கூடிய தளர்ச்சி! அதே ஆண்டில் நெதர்லாந்தின் ஷௌட்டன், அழுத்தம் கூடக் கூட வெடிப்பின் இடத்தில் குருதியோட்டம் குறைவதை அளந்து காட்டினார். தசையைத் தளர்த்தினால் குருதி பாய்ந்து புண் ஆறும் என்ற கருத்துக்கு அது உறுதி சேர்த்தது.

1997-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் லண்டும் ஸ்கோல்ஃபீல்டும் 80 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்துக் களிம்பும் மறுபிரிவினர்க்கு வெறுங்களிம்பும் கொடுத்தனர். எது எவருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எட்டு வாரங்களில் மருந்திட்டவருள் 68 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. வெறுங்களிம்பு இட்டவருள் ஆறியது 8 சதவீதத்தினருக்கே.

அற்புதம் அன்று, உதவி

இங்கே நாம் நிறுத்திவிட்டால் வரலாற்றுக்கு நேர்மை செய்தவர்களாக மாட்டோம். பின்வந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது வெற்றியின் அளவு சுருங்கியது. மருந்திட்டவருள் சுமார் 49 சதவீதத்தினர்க்கும், மருந்தில்லாதவருள் சுமார் 36 சதவீதத்தினர்க்கும் புண் ஆறியிருந்தது. ஆறியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வெடிப்பு பின்னர் திரும்பி வந்தது. சொப்ரேரோவின் தலைவலியும் விடவில்லை. களிம்பு இட்டவர்களில் பலர் அதனால் அவதிப்பட்டனர், சிலர் மருந்தையே கைவிட்டனர். அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2011-இல் 0.4 சதவீதக் களிம்புக்கு அனுமதி தந்தபோது, நாட்பட்ட வெடிப்பின் வலியைத் தணிப்பதற்கென்றே அளவறிந்து தந்தது.

தலைவலியைத் தவிர்க்க வேறு மருந்துகளும் வந்தன. குருதி அழுத்தத்துக்கு உண்ணும் டில்டியாசெம், நிஃபெடிபின் ஆகியவற்றையே களிம்பாக்கி இடுகிறார்கள். ஏறத்தாழ அதே பயன் கிடைக்கிறது, தலைவலியோ குறைவு. போட்டுலினம் நச்சை மிகச் சிறிதளவு தசையில் ஊசியால் ஏற்றும் முறையும் 1993 முதல் வழக்கில் உள்ளது. இவற்றாலும் ஆறாதபோது அறுவை உண்டு.

இக்களிம்புகளைப் பிறர் சொல் கேட்டுத் தாமாக வாங்கி இடுதல் கூடாது. நைட்ரோகிளிசரின் தோல் வழியே குருதியில் கலந்து அழுத்தத்தைத் தாழ்த்தும். சில்டெனாஃபில் வகை மாத்திரை உண்பவர் அதனைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மேலும், மலத்தோடு இரத்தம் போவதெல்லாம் வெடிப்பாலோ மூலத்தாலோதான் என்று கருதிவிடலாகாது. குடற்புற்றும் இரத்தத்தைக் கொண்டே தன்னை அறிவிப்பதுண்டு. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மருந்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, களிம்பு தசையை இளக்குமேயன்றி மலத்தை இளக்காது. மலச்சிக்கல் தீராதவரை புதிய கீறல் காத்துக்கொண்டேயிருக்கும். 1986-இல் டென்மார்க்கின் ஜென்சன் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புதிதாய் வந்த வெடிப்புக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பைவிடத் தவிடு சேர்ந்த உணவும் வெந்நீரில் அமர்வதும் மேலாகப் பயன் தந்ததைக் காட்டியது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்திலிருந்து இப்னு மைமூன் எழுதியதும் இவ்வழியைச் சார்ந்ததுதானே! பழைய ஹகீம்கள் சங்கிலியின் முதற் கண்ணியைப் பிடித்தார்கள். புதிய மருத்துவர்கள் நடுக்கண்ணியைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிகளும் ஒருங்கே அறுந்தால்தான் சங்கிலி அறும்.

கீரையும் பழமும் தவிடு நீக்காத தானியமும் போதிய நீரும் நம் வீடுகளுக்கு எட்டாதவை அல்ல. நோன்புக் காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே நீரை மறந்து வறுத்ததையும் பொரித்ததையும் மட்டுமே உண்போர்க்கு இது சிறப்பாகப் பொருந்தும். வெளிக்குப் போக அஞ்சி அடக்கிக்கொள்ளும் குழந்தையை அதட்டாமல், வலிக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளை பெற்ற பெண்ணிடம் அவள் தாயோ மாமியாரோ தனித்திருந்து வினவட்டும். வயது முதிர்ந்தவர் கழிப்பறையில் நெடுநேரம் இருப்பதைக் கண்டால், பேச்சைத் தொடங்கும் பொறுப்பை இளையவர் ஏற்கட்டும். அல்அஃப்ளல் வாய் திறந்து சொன்னதால் அவருக்கு ஒரு நூல் கிடைத்தது. நம் வீட்டில் ஒருவர் வாய் திறந்து சொன்னால், இன்று அவருக்கு ஒரு மருந்து கிடைக்கும்.